நெல் தேங்கினால் கடைத்தெரு ஏன் அடங்குகிறது?

[காட்சி: தை மாதம், நீடாமங்கலம் பக்கம் சம்பா வயல். பெல்ட் மெஷின் அறுக்கிறது.]

நீடாமங்கலம், வலங்கைமான், திருத்துறைப்பூண்டி. திருவாரூர் மாவட்டத்தின் இந்த ஊர்களின் கடைத்தெருவில் தை, மாசியில் புரளும் பணம் பெரும்பாலும் நெல் பணம். அது எப்படி வருகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்ப்போம்.

மூன்று மா, அதாவது ஒரு ஏக்கரில் 18 குவிண்டால் விளைந்ததாக வைத்துக்கொள்வோம். அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக 45 மூட்டை. 2025–26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து சாதா ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக 45,000.

[காட்சி: உரக்கடை, கடன் நோட்டு]

இதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஊருக்குள் செலவாகிவிட்டது. டிராக்டர் உழவு, நடவுக் கூலி, கடனுக்கு எடுத்த யூரியா, டி.ஏ.பி. விவசாயி பாக்கியைத் தீர்த்தால்தான் உரக்கடைக்காரர் அடுத்த லோடு இறக்க முடியும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. தேதி தாண்டினால் வட்டி ஏறும். அப்புறம்தான் ஜவுளி, நகை மீட்பு, வீட்டு வேலை எல்லாம். ஆகவே விலை எவ்வளவு முக்கியமோ, பணம் எத்தனை நாளில் கணக்கில் ஏறுகிறது என்பதும் அவ்வளவு முக்கியம்.

[காட்சி: ஈரப்பதமானியில் 21 என்று காட்டுகிறது]

முதல் தடை ஈரம். வரம்பு 17 சதவீதம். பனி காயுமுன் காலையிலேயே அறுத்த நெல் 20-ஐத் தாண்டும். 21 சதவீதத்தில் இருக்கும் 100 கிலோவை 17-க்குக் காயவைத்தால் எடை சுமார் 95 கிலோவாகிவிடும். மனசு கேட்காதுதான். ஆனால் ஈரநெல் குவியலில் சூடேறிப் பழுத்துப்போகும், முளைவிடும். பனி காய்ந்த பிறகு அறுங்கள். களத்தில் இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறுங்கள். சாயங்காலம் சூடு ஆறுமுன் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து, காயவைத்த வேலையும் வீணாகும். ஈரநெல்லைக் காய்ந்த நெல்லோடு கலக்காதீர்கள். ஒரு கை ஈரநெல் மாதிரியில் வந்தாலும் குவியல் முழுவதும் நிற்கும்.

இரண்டாவது, எங்கள் பார்வையில் பெரிய கோளாறு: நகர்வு. கட்டிய மூட்டை கிடங்குக்குப் போகாவிட்டால் நிலையத்தில் இடமில்லை, சாக்கு இல்லை, எடை போடுவது நிற்கும். திறந்தவெளி நிலையங்களில் மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2025 அக்டோபரில் குறுவை நெல் அப்படித்தான் நனைந்தது. விவசாயி குவியலுக்குக் காவல் இருக்க, கடைத்தெருவில் பாக்கி நோட்டு மூடாமலே கிடக்கும்.

மூன்றாவது காகிதம். சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (யார் என்ன பயிரிட்டார் என்ற பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். குத்தகைக்குப் பயிரிடுவோர் அடங்கலில் யார் பெயர் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் மார்கழியிலேயே பார்த்துவிடுங்கள். அறுவடை நேரத்தில் அவர் மேசை முன்னால் கூட்டம் நிற்கும்.