கோப்பு எத்தனை நாள் காத்திருந்தது?

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் துறைத் தலைவர்களே, என்னை அன்போடு அழைத்த பயிற்சி மைய இயக்குநர் அவர்களே, வேலை முடிந்து நேரே இந்த அரங்குக்கு வந்திருக்கும் அலுவலக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் தணிக்கை குறித்து நுட்பமாகப் பேசிய அம்மையாருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

வீண் வேலை, காத்திருப்பு, கணினிமயம் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். வீண் வேலையைக் கண்டுபிடித்துக் களையும் முறையை லீன் மேலாண்மை என்கிறோம். அதற்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குத் தெரியாது.

ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனப் பொறியாளர் டாயிச்சி ஓனோ ஏழு வகை வீண் வேலைகளைப் பட்டியலிட்டார். தேவைக்கு மேல் உற்பத்தி, தேங்கும் இருப்பு, வீண் நடை, குறைபாடு என்று போகும் அந்தப் பட்டியலில் காத்திருப்பும் ஒன்று. அலுவலகங்களைப் பொறுத்தவரை அதற்குத்தான் முதலிடம் என்பேன்.

ஒருமுறை ஓர் அலுவலகத்தில் ஓய்வூதியக் கோப்பு ஒன்றின் பின்னாலேயே நடந்தேன். பெயர் வேண்டாம். தபால் பிரிவில் முத்திரை குத்தினார்கள், ஒரு நிமிடம். கட்டு சேரட்டும் என்று அலமாரியில் வைத்தார்கள், நாள்கள் ஓடின. உதவியாளர் குறிப்பு எழுதினார். அழகான குறிப்பு, அரை மணி நேர வேலை. கண்காணிப்பாளர் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்தவர் கையொப்பமிட்டு மேலே அனுப்பினார். மேலே இருந்தவர் ‘பேசவும்’ என்று ஒற்றைச் சொல் எழுதித் திருப்பினார். என்ன பேசவேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கப் போனால் அவர் கூட்டத்தில் இருந்தார். கடைசியில் கிடைத்த விடை: பிறந்த தேதிச் சான்றின் நகல் மங்கலாக இருக்கிறதாம்! மூலச் சான்றை முதல் நாளே முகப்பில் இருந்த பெண் கண்ணால் பார்த்துச் சரிபார்த்திருந்தார். அவருடைய சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. எல்லோருடைய வேலையையும் கூட்டினால் ஒரு முற்பகல்கூட வராது. ஓய்வூதியம் கேட்ட பெரியவரோ மாதக்கணக்கில் நடந்தார்.

‘இந்த மாதம் இத்தனை கோப்பு முடித்தோம்’ என்று அறிக்கை தருகிறோம். கோப்பு காத்திருந்த நாள்களை யார் அளக்கிறார்கள்? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு, ஐயா! கணக்கு எளிது. நாளுக்கு 40 மனு வருகிறது, 40 முடிகிறது, 800 நிலுவையில் நிற்கிறது என்றால் ஒரு மனு சராசரியாக 20 நாள் காத்திருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிக் காட்டிய விதி இது. ஆளை விரட்டினால் அந்த 20 குறையாது. நிலுவையைக் குறைத்தால்தான் குறையும். தேவையற்ற கையொப்பங்களை எடுத்தால் நிலுவை குறையும்.

நான் ஊர் ஊராகப் பேசிவருவதும் இதைத்தான்: முகப்பில் இருப்பவருக்கு முடிவெடுக்கும் உரிமை கொடுங்கள். டொயோட்டாவில் பழுதைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்த முடிந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2002-ல் அந்த வழியைப் பின்பற்றத் தொடங்கியது. நோயாளிக்கு ஆபத்து என்று கண்டால் எந்த ஊழியரும் வேலையை நிறுத்தச் சொல்லலாம். முறையைச் சீர்செய்ததற்காக ஆள்குறைப்பு இல்லை என்றும் அங்கே உறுதி தந்தார்கள். லீன் என்றாலே வேலை போய்விடும் என்று நம் ஊழியர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

கணினியைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. ஏழு கையொப்பத்தை அப்படியே திரையில் ஏற்றினால் ஏழு இடத்தில் கடவுச்சொல் கேட்கும், அவ்வளவுதான்.

தலைவர் அவர்கள் மணியடிக்கிறார்கள். ஒரே ஒரு விண்ணப்பம். மூலச் சான்று சரிபார்க்கப்பட்ட மனுக்களில் முகப்பு ஊழியரின் கையொப்பமே இறுதி என்று இந்த மன்றம் இன்றே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். முன்மொழிய நான் தயார். வழிமொழிபவர்கள் கை உயர்த்துங்கள்.