ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் பழைய லாபத்தைப் படிப்பது எப்படி?

[திரையில்: கும்பகோணத்தை ஒட்டிய வயலில் ஊன்றப்பட்ட மனைக் கற்கள்]

நிலம் விற்ற பணத்தையோ ஓய்வூதியப் பணத்தையோ ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் போட நினைக்கும் தஞ்சாவூர், மயிலாடுதுறைக்காரர்களிடம், சென்ற ஆண்டு லாபம் பல மடங்கு உயர்ந்துவிட்டது என்ற செய்திதான் முதலில் வந்து சேர்கிறது. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் ஓராண்டு லாபம் என்பது, நிறுவனம் அந்த ஆண்டில் எவ்வளவு திறமையாக நடந்தது என்பதைவிட, எத்தனை வீடுகளின் சாவியை ஒப்படைத்தது என்பதையே பெரும்பாலும் சொல்கிறது.

காரணம் கணக்கு எழுதும் முறையில் இருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 115-இன் கீழ், கட்டடம் வளர வளர வருவாயைக் காட்டிவந்த பல நிறுவனங்கள், வீடு முடிந்து வாங்கியவர் கைக்குப் போகும்போது மொத்தமாகக் காட்டத் தொடங்கின. அதுவரை பெற்ற முன்பணம், நிறுவனம் தீர்க்க வேண்டிய பொறுப்பாகவே ஏட்டில் நிற்கும். சம்பா நட்டவருக்குத் தை அறுவடையில்தான் வரவு என்பதைப் போன்றது இது. முறை மாறியபோது, ஏற்கெனவே காட்டிய லாபத்தின் ஒரு பகுதி சேர்த்துவைத்த லாபத்திலிருந்து கழிக்கப்பட்டு, சாவி கொடுத்த ஆண்டில் மீண்டும் லாபமாக வந்தது. ஆகவே 2018-க்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளை ஒரே கோட்டில் வரைந்து வளர்ச்சி என்று காட்டுபவரை நான் நம்புவதில்லை.

[திரையில்: 2, 1, −3, 30, 5]

ஒரு கற்பனை நிறுவனத்தின் ஐந்தாண்டு நிகர லாபம், கோடி ரூபாயில், இப்படி இருப்பதாகக் கொள்வோம். நான்காம் ஆண்டை மட்டும் பார்த்தவர் மயங்குவார், ஐந்தாம் ஆண்டை மட்டும் பார்த்தவர் மிரளுவார். கூட்டினால் 35 கோடி. ஆண்டுக்குச் சராசரி 7 கோடி. அடுத்து, அதே ஐந்தாண்டுகளின் பணப்பாய்வு அறிக்கையில் தொழில் நடவடிக்கைகளால் வந்த பணத்தைக் கூட்டுங்கள். அது 4 கோடிதான் என்றால், மீதி 31 கோடி விற்காத வீடுகளில் முடங்கியதா, புதிய நிலத்துக்குப் போனதா, வராத பாக்கியாக நிற்கிறதா என்று தேட வேண்டும். புதிய நிலம் என்றால் குறை சொல்வதற்கில்லை. கட்டி முடித்தும் விற்காத வீடுகள் என்றால் கவலைப்பட வேண்டும்.

வட்டியையும் விட்டுவிடக் கூடாது. கட்டுமானக் கடனின் வட்டியைச் சரக்கிருப்பின் (இன்னும் விற்காத வீடு, நிலம்) மதிப்பில் ஏற்ற விதி இடம் தருவதால், லாப நட்டக் கணக்கில் அது சிறிதாகத் தெரியலாம்; கட்டிய வட்டி வழக்கமாக நிதி நடவடிக்கைகளின் கீழ் எழுதப்படுவதால், மேலே சொன்ன 4 கோடியிலும் அது கழிந்திருக்காது. அதைக் கழித்துப் பார்த்தால் சில நிறுவனங்களின் கையில் எதுவுமே மிஞ்சாது.

நம் பக்கத்து மனைப்பிரிவு நிறுவனங்களிடம் வேறொரு சிக்கல் உண்டு. மாக் கணக்கில் வாங்கிய நஞ்சை, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போது வாங்கிய விலையிலேயே ஏட்டில் கிடக்கும். ஒப்புதலுக்குக் காத்திராமல் அந்த நிலத்தை ஒரே ஆளுக்கு மொத்தமாக விற்ற ஆண்டில் லாபம் எகிறும். மனை போட்டு விற்கும் திறமைக்கு அது சான்றாகாது. எனவே அந்தத் தொகையை நீக்கிவிட்டுத்தான் சராசரி காண வேண்டும்.

[திரையில்: ஆண்டறிக்கையின் குறிப்புப் பக்கங்கள்]

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. மற்ற கம்பெனிகள் தாக்கல் செய்த கணக்குகளை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். ஊரில் பெயர் பெற்ற புரமோட்டர்களில் சிலர் கூட்டாண்மையாகவோ தனி ஆள் பெயரிலோ தொழில் நடத்துவதால், அவர்களுடைய லாப நட்டக் கணக்கு அங்கே இருக்காது. பட்டயக் கணக்காளர் கையொப்பமிட்ட ஐந்தாண்டுக் கணக்கை அவர்களிடமே கேட்டுப் பெற வேண்டும்.