கலைந்த எழுத்துகளும் பத்து நிமிடப் பென்சிலும்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, என்னை அன்போடு அழைத்து, அழைத்த பிறகும் மூன்று முறை தொலைபேசியில் நினைவூட்டிய செயலாளர் அவர்களே, ஓரமாக நின்றுகொண்டிருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே (அவருக்கு யாராவது ஒரு நாற்காலி போடுங்கள் ஐயா, அவர் உட்கார்ந்த பிறகு தொடர்கிறேன்), முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அவர்களே, பின்வரிசையில் கைபேசியோடு இருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கொடுத்த எழுத்துகளை வைத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது இன்றைய தலைப்பு. மூன்று செய்திகள் சொல்வேன். கையால் தேடுவது எப்படி, கணினி தேடுவது எப்படி, கிடைத்தது சொல்தானா என்று தீர்ப்புச் சொல்வது யார். அதற்கு முன்னால், என்னைத் தெரிந்தவர்கள் எதிர்பார்க்கும் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன். பதறாத காரியம் சிதறாது.

நான் பதறிய கதை இது. ஒரு நாள் என் பேத்தியோடு ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்தேன். எழுத்து பொறித்த வில்லைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் விளையாட்டு அது. முதல் ஆட்டம் என்னுடையது, பலகை காலி. என் கையில் வந்த ஏழு வில்லைகள்: என், ஏ, எஸ், ஆர், ஐ, டி, இ. ஏழையும் ஒரே வீச்சில் வைத்தால் தனியாக 50 புள்ளி உண்டு. அது எனக்கும் தெரியும். ஆனால் எதிரே பேத்தி விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். "தாத்தா, தூங்கிட்டீங்களா?" என்கிறாள். என் மனைவி உள்ளேயிருந்து, "அவர் முழிச்சிருந்தாலும் அப்படித்தான் இருப்பார்" என்கிறாள். மானம் போகிறதே என்று அவசரமாக மழையைக் குறிக்கும் 'ரெயின்' என்று நான்கு வில்லைகளை வைத்தேன். நடுக்கட்டத்துக்கு இரட்டிப்புப் போட்டும் எட்டுப் புள்ளி.

ஆட்டம் முடிந்ததும் அவள் அந்த ஏழு எழுத்துகளையும் கைபேசியில் தட்டினாள். வரிசையாக வந்து விழுந்தன. முதலில் 'ரீடெயின்ஸ்'. அதற்கு என்ன பொருள்? தக்கவைத்துக்கொள்கிறது! அதைத்தான் நான் தக்கவைக்கவில்லை. அடுத்தது 'ரெட்டினாஸ்', விழித்திரைகள். கண்ணுக்குள்ளேயே இருந்தது, கண்ணில் படவில்லை. அப்புறம் 'நாஸ்டியர்', இன்னும் மோசமான என்று பொருள். அது என் ஆட்டத்தைப் பற்றிய கருத்து என்றே எடுத்துக்கொண்டேன். நான்காவது 'ஸ்டியரின்'. "இது என்னம்மா?" என்றேன். "தெரியாது தாத்தா, ஆனா சரியான சொல்தான்" என்றாள். மெழுகுவத்தி செய்யப் பயன்படும் கொழுப்புப் பொருள் அது. தடித்த அகராதியைப் புரட்டித்தான் இருவரும் தெரிந்துகொண்டோம். சொல்லைத் தேட அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, பொருளைத் தேட அவளுக்குத் தோன்றவே இல்லை. என் இயக்கம் அன்றைக்குத்தான் பிறந்தது: முதல் பத்து நிமிடம் பென்சில், பிறகு கைபேசி.

சரி, பென்சிலால் எப்படித் தேடுவது? எழுத்துகளை வரிசையாக எழுதாதீர்கள், வட்டமாக எழுதுங்கள். வரிசை கண்ணை ஏமாற்றும். உயிரெழுத்துகளை ஒரு பக்கம் பிரியுங்கள். ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் சொல்லின் வாலாக ஒதுக்கிவையுங்கள். க்யூ வந்தால் பெரும்பாலும் பக்கத்தில் யூ நிற்கும். என்னுடைய அந்த ஏழையே பாருங்கள். ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5,040 விதமாக அடுக்கலாம். கணித ஆசிரியர் தலையாட்டுகிறார், கணக்குச் சரிதான். ஆனால் ஆர், இ இரண்டையும் முன்னால் வைத்து, எஸ்ஸைக் கடைசியில் வைத்தால், நடுவில் மிச்சம் நான்கே எழுத்து. அதற்கு 24 வரிசைதான். 5,040 எங்கே, 24 எங்கே! பதறாத காரியம் சிதறாது என்றது இதைத்தான்.

அந்த ஸ்கிராபிள் விளையாட்டை 1930களில் உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் வேலை இழந்த கட்டடக் கலைஞர். செய்தித்தாளை எடுத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணியவர். நூறு வில்லைகளில் இ மட்டும் 12, க்யூவும் இஸட்டும் ஒவ்வொன்று. பன்மை ஆக்கியே பிழைத்துவிடக் கூடாதென்று எஸ்ஸுக்கு நான்கே நான்கு. அவர் கையில் என்ன கைபேசியா இருந்தது?

இரண்டாவது செய்தி, கணினி. அது 5,040 வரிசையையும் முயன்று பார்க்கிறது என்று நினைக்காதீர்கள். அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் முன்கூட்டியே அகர வரிசையில் அடுக்கி, அதையே அடையாளச் சீட்டாக ஒட்டிவைக்கலாம். 'லிசன்', 'சைலன்ட்', 'என்லிஸ்ட்', 'டின்சல்' நான்கும் காதுக்குத் தொடர்பே இல்லாதவை. அடுக்கினால் நான்குக்கும் ஒரே சீட்டு: இ, ஐ, எல், என், எஸ், டி. நீங்கள் கொடுத்த எழுத்துகளையும் அப்படியே அடுக்கி அந்தச் சீட்டைத் தேடினால் முடிந்தது. கொடுத்த எழுத்துகள் இருக்க வேண்டும், வேறு எழுத்துகளும் இருக்கலாம் என்றால் அது வேறு தேடல். க்யூவும் எக்ஸும் சேர்ந்து வரும் சொல் கேட்டால் 'ஈக்வினாக்ஸ்' வரும், 'எக்ஸ்செக்கர்' வரும். ஐந்து உயிரெழுத்தும் உள்ள சொல் கேட்டால் 'எஜுகேஷன்' வரும். கல்வியில் எல்லா உயிரும் இருக்கிறது, நாம்தான்... சரி, அதை இழுத்தால் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

பார்த்துவிட்டார். துண்டுச் சீட்டும் வந்துவிட்டது. மூன்றாவது செய்தியைத் தலைவர் இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். நூலகர் அம்மையாரிடம் மட்டும் ஒரு விண்ணப்பம். வாரம் ஒரு மணிநேரம், வாசகசாலையில் ஒரு மேசை, நடுவில் திறந்துவைத்த அகராதி, சுற்றிலும் பிள்ளைகள், கைபேசி வாசலிலேயே இருக்கட்டும். அம்மையார் சிரிக்கிறார், ஒப்புதல் என்றே எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்பத் தாள் வெளியே மேசையில் இருக்கிறது, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பென்சிலும் அங்கேயே வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதைத் திருப்பி வைத்துவிடுங்கள், போன கூட்டத்தில் நான்கு குறைந்துவிட்டன.