ஊச்சோவின் துரோகம்
(‘தி ரெய்டு 2’ திரையிடலுக்கு முன் ஆற்றிய உரை)

நண்பர்களே, வணக்கம்.

இன்று நாம் பார்க்கப்போவது 2014இல் வெளிவந்த இந்தோனேசியப் படம். இயக்குநர் காரெத் எவன்ஸ் வேல்ஸ்காரர். சிலாட் என்ற தற்காப்புக் கலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில்தான் கதாநாயகன் இக்கோ உவைஸைக் கண்டெடுத்தார்.

இரண்டாம் பாகம் என்றாலும், முதலில் எழுதப்பட்ட கதை இதுதான். எடுக்கப் பணம் சேரவில்லை. அதனால் ஒரே கட்டடத்துக்குள் நடந்து முடியும் சின்னப் படம் ஒன்றை முதலில் எடுத்தார்கள். அது பல நாடுகளில் ஓடிப் பேர் வாங்கிய பிறகு, கிடப்பில் கிடந்த கதையை எடுத்து, முதல் படத்தின் போலீஸ்காரன் ராமாவை அதற்குள் நுழைத்தார்கள். அந்த ஒட்டு எனக்கு இன்றும் தெரிகிறது. ராமாவின் அண்ணனைப் பெஜோ என்ற தாதா கொல்கிறான். ராமா போலீஸ் உளவாளியாக வேறு பெயரில் சிறைக்குப் போய், ஜகார்த்தா தாதா பாங்குனின் மகன் ஊச்சோவிடம் நட்பாகிறான். வெளியே வந்த பிறகு அண்ணனுக்கான பழி வெகுநேரம் ஒதுங்கியே நிற்கிறது.

படத்தின் உயிர் ஊச்சோவிடம் இருக்கிறது. அப்பா தன்னை எப்போது பெரிய மனிதனாக நடத்துவார் என்று காத்துக் காத்துப் புழுங்கிப்போனவன் அவன். கோட்டோ என்ற ஜப்பானியக் கும்பலோடு அப்பா கட்டிக்காத்த சமாதானத்தைக் குலைக்க, பெஜோவோடு கைகோக்கிறான். அதற்கு முதல் பலி பிரகோசோ. பாங்குனுக்காகவே கொலைகள் செய்து, மனைவி மகனைப் பிரிந்து, பரதேசிபோல் வாழும் அடியாள். யாயன் ருஹியான் நடித்திருக்கிறார். அவர் விழும் சந்தில் பனி கொட்டுகிறது. ஜகார்த்தாவில் ஏது பனி? தர்க்கம் பார்ப்பவர்கள் கோபப்படலாம். எனக்கு அந்த விசுவாசிக்குச் செய்த இறுதி மரியாதையாகவே படுகிறது.

அடுத்து ஊச்சோ அப்பாவையே சுடுகிறான். கையும் காலும், கத்தியும் சுத்தியலும் அத்தனை வித்தை காட்டும் படத்தில், இந்தக் கொலையில் வித்தை எதுவும் இல்லை. இந்தப் படத்தின் மிகக் கொடூரமான காட்சி இதுதான் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

சண்டைகளில் சமையலறைச் சண்டையைக் கூர்ந்து பாருங்கள். ராமாவுக்கு எதிரே நடிகர் செச்செப் ஆரிஃப் ரஹ்மான். அவரும் சிலாட் தேர்ந்தவர். வெறுங்கையில் தொடங்குகிறார்கள், நடுவில் நின்று ஒருவரையொருவர் அளக்கிறார்கள். பிறகுதான் கெராம்பிட் வருகிறது, மேற்குச் சுமத்ராவின் வளைந்த குறுங்கத்தி. வெட்டு மாறி மாறி யார்மேல் விழுகிறது என்பது நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. வேகமாக வெட்டி ஒட்டி ஏமாற்றும் படத்தொகுப்பு இங்கே கிடையாது. வலி நம்மையும் தொடுவது அதனால்தான்.

வன்முறை மிகுதி என்று மலேசியாவில் படத்தைத் தடை செய்தார்கள். இரண்டரை மணி நேரப் படம். குழந்தைகளோடு வந்திருப்பவர்கள் தயவுசெய்து இப்போதே அவர்களை வெளியே அழைத்துச் சென்றுவிடுங்கள். விளக்கை அணைக்கலாம்.