கயிறு தெரிந்தாலும் பயம் வரும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பெரியவர்களே, இந்த மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு அட்டனுக்கு வந்து சேர்ந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"வேற்றுக்கிரகவாசிகள் படையெடுத்து வரும் திகில் படங்களில் நம்மை அதிகம் கட்டிப்போடுபவை கோடிகளைக் கொட்டி எடுத்தவையா, கையில் காசில்லாமல் எடுத்தவையா?" இதுதான் தலைப்பு. காசில்லாமல் எடுத்தவையே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் எனக்கு உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பித்த சேர். அவரை எதிர்த்துப் பேசுவதற்கு அவரிடமே அனுமதி கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சேர், மலையகத்து மேடையில் ஏறி நின்று "பட்ஜெட், பட்ஜெட்" என்று எங்களைப் பயமுறுத்தலாமா? தோட்டத் தொழிலாளிக்கு ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற ஒரே ஒரு கோரிக்கை மேடை மேடையாக ஏறி, தேர்தல் தேர்தலாக இறங்கி, 2021இல்தான் கைக்கு வந்தது. கொஞ்சக் காசில் ஒரு காரியத்தை எப்படி ஒப்பேற்றுவது என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சேர் சொன்னது இதுதான். காசில்லாத படத்தில் பறக்கும் தட்டு வரும்போது கயிறு தெரிகிறது. கயிறு தெரிந்தால் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனால் பயம் வராது, சிரிப்புத்தான் வரும். அதற்கு அவர் காட்டிய சாட்சி, 1950களில் எட் வூட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'. அந்தப் படத்தின் பெரிய நடிகர் பெலா லுகோசி 1956இலேயே இறந்துபோனார். கையில் இருந்தது அவர் நடித்த சில நிமிடக் காட்சிதான். மிச்சத்துக்கு எட் வூட் என்ன செய்தார்? மனைவிக்கு முதுகு வைத்தியம் பார்த்தவரைக் கூட்டி வந்து, முகம் தெரியாமல் அங்கியால் மூடச் சொல்லி நடிக்க வைத்தார். 1980இல் இதற்கு உலகத்திலேயே மோசமான படம் என்று விருதும் கொடுத்தார்கள்.

சரி, அந்தப் படம் பயமுறுத்தவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எங்கே சறுக்கியது என்று பாருங்கள். நகரத்துக்கு மேலே தட்டுகள் பறக்க வேண்டும், இராணுவம் பீரங்கியால் சுட வேண்டும், செத்தவர்கள் எழும்பி வர வேண்டும், எல்லாவற்றையும் கண்ணுக்கு முன்னால் காட்டியே தீர வேண்டும் என்று எட் வூட் ஆசைப்பட்டார். அது பணக்காரப் படத்துக்கு இருக்கிற ஆசை. பணம் மட்டும்தான் இல்லை. ஆகவே சேர், அந்தப் படம் உங்கள் அணியைச் சேர்ந்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அணிப் படம் எது என்று நான் சொல்கிறேன். அதே 1956. டொன் சீகல் இயக்கிய 'இன்வேஷன் ஒஃப் த பொடி ஸ்னட்சர்ஸ்'. கறுப்பு வெள்ளை. பறக்கும் தட்டு இல்லை, ஒளிக்கதிர்த் துப்பாக்கி இல்லை, பச்சைத் தோல் இல்லை. கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பெண் சொல்லிக்கொண்டிருக்கிறாள், வீட்டில் இருப்பவர் தன்னுடைய மாமா இல்லை என்று. டொக்டர் போய்ப் பார்க்கிறார். மாமா வீட்டு முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். அதே முகம், அதே குரல், பழைய கதை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர் தன்னைப் பார்க்கும்போது கண்ணில் இருக்கும் அந்தப் பாசம் மட்டும் இல்லை என்கிறாள் அவள்.

நடுவர் ஐயா, இந்தக் காட்சிக்கு என்ன செலவு? ஒரு மனிதர், ஒரு புல் வெட்டும் மெஷின். முகமூடி கூட இல்லை. எனக்கு அந்த மாமா புல் வெட்டுவதைப் பார்க்கும்போது முதுகு சில்லிட்டது. ஏனென்றால் அங்கே காட்டுவதற்கு எதுவுமே இல்லை. கண்ணில் இருந்து போனதை எப்படிக் காட்டுவது? நாமே நம்முடைய மாமாவை, நம்முடைய அம்மாவை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறோம். பெரிய படத்தில் திரை முழுக்கச் சாமான். நாம் உள்ளே போய் உட்கார இடமே கிடையாது.

அந்தப் படத்தில் படையெடுப்பு எப்படி வருகிறது? விதையாக வருகிறது. வயலில் விழுந்து, பெரிய பெரிய காய்களாக முளைத்து, ஊர்க்காரர் தூங்கும்போது அவர்களுடைய இடத்தைப் பிடிக்கிறது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் இந்த மலைகளில் இருந்துகொண்டு சிரிக்க முடியாது. நாம் இன்று தேயிலைக்குள் நிற்கிறோமே, அதற்கு முன்னால் இங்கே கோப்பி இருந்தது. நம்முடைய முப்பாட்டன் பாட்டி மன்னார் வழியாக நடந்து வந்தது கோப்பிக்குத்தான். 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் கண்டார்கள். இலைத்துரு என்ற பூஞ்சணம். சத்தமில்லை, வெளிச்சமில்லை. காற்றிலே போய் அடுத்த மலையில் இறங்கியது. இருபது வருசத்துக்குள் உலகத்திலேயே பெரிய கோப்பி நாடுகளில் ஒன்று கோப்பி இல்லாத நாடாகிவிட்டது. துரைமார் கடனாளியானார்கள், தோட்டங்கள் கைமாறின, லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் போட்ட தேயிலை மலை மலையாகப் பரவியது. ஒரு தூளுக்கு இவ்வளவு வேலை. இதைப் படமாக எடுங்கள் என்று ஒருவர் பத்துக் கோடி டொலர் கொடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? அந்தத் தூளுக்குக் கண், பல், வால் எல்லாம் வைத்துவிடுவார்கள்.

அந்த 1956 படத்துக்கு அமெரிக்காவில் இரண்டு விதமாக விளக்கம் சொல்வார்கள். கம்யூனிசம் ஊருக்குள் நுழைகிறது என்ற பயம் என்று ஒரு பக்கம். கம்யூனிஸ்டைத் தேடுகிறோம் என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரனையே காட்டிக்கொடுத்த அந்தக் காலத்து வெறி என்று இன்னொரு பக்கம். அவர்கள் சண்டையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வருகிறது. 1948இல் இலங்கையில் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. அன்றைக்குக் காலையிலும் இங்கே அதே ஆட்கள்தான் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனார்கள், அதே மலையில்தான் கொழுந்து எடுத்தார்கள். ஆனால் இலட்சக்கணக்கான பேர் நாடில்லாதவர்கள் ஆகிவிட்டார்கள். முகம் மாறவில்லை, குரல் மாறவில்லை. பார்க்கிற கண்தான் மாறியது. அந்தக் கணக்கை முழுசாகத் தீர்க்க 2003 வரை ஆனது. "இவர் நம் ஆள் மாதிரி இருக்கிறார், ஆனால் நம் ஆள் இல்லை" என்ற கதையை நாங்கள் மறுபக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறோம். ஆகவே அந்தப் படம் ஓடும்போது எங்களுக்குப் பயம் இரண்டு மடங்கு. விதைக்காயைப் பார்த்தும் பயம், அதைத் தேடி வருகிறவனைப் பார்த்தும் பயம்.

இனி எதிரணியில் அக்கா பேசியதற்கு வருகிறேன். 1996இல் வந்த 'இன்டிபென்டன்ஸ் டே', ஏழரைக் கோடி டொலர், வெள்ளை மாளிகை வெடித்துச் சிதறும் காட்சிக்கு ஈடு உண்டா என்று கேட்டார். அக்கா, அந்த வெள்ளை மாளிகையும் சின்னதாகச் செய்து வைத்து வெடித்த பொம்மைதான். சரி, அது போகட்டும். எனக்கு ஒரு நீண்ட நாள் சந்தேகம். எத்தனையோ ஒளியாண்டு தாண்டி வருகிற ஜீவன் ஏன் எப்போது பார்த்தாலும் வோஷிங்டனுக்கும் நியூயோர்க்குக்கும் மட்டும் போகிறது? மஸ்கெலியாவுக்கு ஏன் வருவதில்லை? ரோட்டு சரியில்லை என்றா? பறந்துதானே வருகிறார்கள்!

காரணம் எளிது. கோடி கொட்டியவனுக்கு உடைக்கப் பெரிய கட்டடம் வேண்டும். காசில்லாதவனுக்கு நியூயோர்க்கைக் காட்ட வழியில்லை. ஆகவே அவனுடைய வேற்றுக்கிரகவாசி சின்ன ஊருக்குத்தான் வந்தாக வேண்டும். 1958இல் வந்த 'த ப்ளொப்' பென்சில்வேனியாவின் சின்ன ஊர்களில், ஒன்றேகால் இலட்சம் டொலருக்குள் எடுத்த படம். வானத்தில் இருந்து விழுந்த களி ஒன்று ஆட்களை விழுங்கி விழுங்கிப் பெருக்கிறது. சிலிக்கனில் சிவப்புச் சாயம் கலந்து செய்தது. அது ஊர்ச் சினிமாக் கொட்டகைக்குள் புகுந்ததும் சனம் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடும். அந்தக் கொட்டகை பீனிக்ஸ்வில் என்ற ஊரில் இன்னும் இருக்கிறது. வருசா வருசம் கோடையில் ஊர்ச்சனம் கூடி, அதே கதவால் அலறிக்கொண்டு ஓடி வந்து விழாக் கொண்டாடுகிறார்கள். வெள்ளை மாளிகையை வெடித்த படத்துக்கு யாராவது அப்படித் திருவிழா எடுக்கிறார்களா?

நியூசிலாந்தில் பீட்டர் ஜக்சன் என்ற பத்திரிகை அலுவலகத் தொழிலாளி, கூட்டாளிமாரைச் சேர்த்துக்கொண்டு வார விடுமுறை நாட்களில் மட்டும் படம் எடுத்தார். நாலு வருசம் இழுத்தது. வேற்றுக்கிரகவாசியின் முகமூடிகளை அம்மாவின் அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்தார். 1987இல் வந்த அந்த 'பேட் டேஸ்ட்' படத்தில் ஒரு கிராமத்து ஆட்கள் முழுவதையும் விண்வெளிச் சாப்பாட்டுக் கடைக்கு இறைச்சியாக்கி விடுகிறார்கள். அருவருப்பான படம், குழந்தைகளோடு பார்க்காதீர்கள். ஆனால் அந்த ஊரைக் காப்பாற்ற விமானப்படை வராது. நமக்கும் அதுதானே வழக்கம்? மலையில் குளவி கலைந்தால் யார் வருகிறார்கள்? "குளவி, ஓடுங்க!" என்று ஒரு குரல் வரும். குளவியைக் காண முதல் அந்தக் குரலுக்கே கால் நடுங்கும். பேப்பரில் மறுநாள் "குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில்" என்று ஒரு மூலையில் போடுவார்கள்.

குரல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2019இல் 'த வாஸ்ட் ஒஃப் நைட்' என்று ஒரு படம், ஏழு இலட்சம் டொலர். ஒரு சின்ன ஊர், ஓர் இரவு. ஊரே பாடசாலையில் பந்தாட்டம் பார்க்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண்பிள்ளை, வானொலி நிலையத்தில் ஒரு பையன், கம்பியில் ஒரு விசித்திரச் சத்தம். நடுவில் ஒருவர் தொலைபேசியில் தனக்கு நடந்ததைச் சொல்லும்போது திரையே இருண்டு போய்விடுகிறது. படம் இல்லை, குரல் மட்டும். கரன்ட் போன லயத்துக் காம்பிராவில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டு அறையில், ஒருவர் பேய்க்கதை சொல்லக் கேட்டவர்களுக்கு அந்த இருட்டு புதிதாக இருக்காது.

மீண்டும் சேருடைய கயிற்றுக்கு வருகிறேன், அதை அவ்வளவு சுலபமாக விட முடியாது. ரோஜர் கோர்மன் என்ற இயக்குநர், சேருக்குப் பிடிக்கும், பொறியியல் படித்தவர். 1956இல் வெள்ளிக் கிரகத்து ஜீவன் ஒன்றைப் படமாக்கினார். ஈர்ப்பு கூடிய கிரகத்தில் பிறந்தது குட்டையாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, நிலத்தோடு ஒட்டினாற்போல ஓர் உருவம் செய்ய வைத்தார். படத்தின் கதாநாயகி வந்து பார்த்து, "இதுவா உலகத்தைப் பிடிக்கப் போகிறது?" என்கிற மாதிரிக் கேலி பண்ணிக் காலால் ஒரு உதை விட்டாராம். அப்புறம் உயரத்தைக் கூட்டினார்கள். வெள்ளியின் ஈர்ப்பு பூமியைவிடக் கொஞ்சம் குறைவு என்று சேர் எழும்பிச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆக, கணக்கும் பிழை, உருவமும் பிழை. அந்தப் படத்தைப் பார்த்து நானும் சிரிப்பேன்.

ஆனால் சிரித்தால் பயம் செத்துப் போகும் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். காமன் கூத்துப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளை இருக்கிறதா? மன்மதனை எரிக்கிற இரவு. தப்பு மேளம் உருட்டி அடிக்கிறது. எமன் வருகிறார். எமன் யார்? பணிய லயத்து மாமா. பின்னேரம் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர். முகத்தில் பூசிய கரி வியர்வையில் வழிகிறது, கட்டின வேட்டியில் கறை தெரிகிறது. பிள்ளைகளுக்கு ஆள் யாரென்று தெரியும், பேர் சொல்லிக்கூடச் சிரிக்கும். தப்பு வேகம் கூடி, மாமா கண்ணை உருட்டி ஓர் எட்டு முன்னால் வைத்தார் என்றால், சிரித்த பிள்ளை அம்மாவின் முந்தானைக்குள். கயிறு தெரிகிறது சேர், நன்றாகவே தெரிகிறது. பயமும் வருகிறது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருக்கிறது. காசில்லாத படத்தைப் பார்க்கப் போகிறவனுக்கு அந்த இரண்டு ருசியும் வேண்டும். பணக்காரப் படம் கயிற்றை அழித்துவிட்டு ஒரு ருசியைப் பறித்துக்கொள்கிறது.

எல்லா மலிவுப் படமும் நல்ல படம் என்று நான் சாதிக்கவில்லை. முக்கால்வாசி குப்பைதான். அந்தக் குப்பைக்குள் தேடுவதில் எனக்கு ஓர் ஆசை, அவ்வளவுதான்.

கடைசியாக, சேர் ஒரு கொக்கி போட்டார். "இந்த மலிவுப் பட இயக்குநர்களுக்கே காசு கிடைத்தால் பெரிய படம்தானே எடுப்பார்கள்?" என்று. உண்மை, எடுப்பார்கள். கரெத் எட்வர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் 'மொன்ஸ்டர்ஸ்', ஐந்து இலட்சம் டொலருக்கும் குறைவு. இரண்டு நடிகர்கள், போகிற வழியில் கிடைத்த ஊர்ச்சனம், கமராவும் அவரே, விண்வெளி ஜந்துக்களை வரைந்ததும் அவரே, தன்னுடைய கம்ப்யூட்டரில். அந்த ஜந்துக்கள் படத்தில் தலைகாட்டுவதே அபூர்வம். அதைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டு 2014இல் 'கொட்சில்லா'வைக் கையில் கொடுத்தார்கள். பதினாறு கோடி டொலர். இனி எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம் அல்லவா? படம் வந்ததும் சனம் சொன்ன பெரிய முறைப்பாடு, கொட்சில்லாவைக் கண்ணிலேயே காட்டவில்லை என்பதுதான்! இரண்டு மணித்தியாலப் படத்தில் அது வந்து நின்றது சொற்ப நிமிடம். பதினாறு கோடி இருந்தும் அந்த மனிதன் ஏன் சேர் ஒளித்து வைத்தார்? அடுத்து வருகிற உங்கள் அணிப் பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

வணக்கம்.