சொல் தேடிப் போனவர்: மிஷனரி மோரிஸ் லேனார்ட் மானிடவியலாளரான கதை

[திரையில்: பசிபிக் பெருங்கடலின் வரைபடம். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே புகைக்கும் சுருட்டு போல நீண்டு கிடக்கும் ஒரு தீவு.]

வணக்கம். 1902ஆம் ஆண்டின் கடைசியில், 24 வயது பிரெஞ்சு இளைஞர் ஒருவர் தன் மனைவி ழானோடு நியூ கலிடோனியாவின் தலைநகரான நூமியாவில் வந்து இறங்கினார். அவர் ஒரு புராட்டஸ்டன்ட் மிஷனரி. அந்த நகரின் மேயர் அவரை வரவேற்ற விதம் இது: "இங்கே என்ன செய்ய வந்தீர்கள்? இன்னும் பத்து வருடத்தில் ஒரு கனாக் கூட மிஞ்சமாட்டான்."

கனாக் என்பவர்கள் அந்தத் தீவின் சொந்த மக்கள். ஓர் இனம் அழியப்போகிறது என்பதை வானிலை அறிவிப்பதுபோல அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டு நின்ற இளைஞரின் பெயர் மோரிஸ் லேனார்ட். அடுத்த கால் நூற்றாண்டில் பெரும்பகுதியை அவர் அந்த மக்களோடுதான் கழித்தார். பின்னர் பாரிஸில், மனிதர்களின் வாழ்வையும் பண்பாட்டையும் ஆராயும் மானிடவியலின் மிக உயர்ந்த ஆசிரியப் பதவிகளில் ஒன்றில் அமர்ந்தார். இந்த இரண்டுக்கும் நடுவே நடந்ததைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

[திரையில்: மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய சேப்பங்கிழங்கு வயல்கள், நீர் ஓடும் வாய்க்கால்கள்.]

முதலில் அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1853இல் பிரான்ஸ் நியூ கலிடோனியாவைக் கைப்பற்றியது. 1864 முதல் அங்கே கைதிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கியது. கைதிகளுக்குப் பின்னால் குடியேறிகள், குடியேறிகளோடு அவர்களின் மாடுகள். வேலியில்லாமல் திரிந்த அந்த மாடுகள் கனாக் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட வள்ளிக்கிழங்குத் தோட்டங்களையும் சேம்பு வயல்களையும் மிதித்துத் தின்று தீர்த்தன. முறையிட்டவர்களிடம் வேலி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

1878இல் அட்டாய் என்ற தலைவர் கிளர்ந்தெழுந்தார். அதற்கு முன்பு அவர் ஆளுநரின் காலடியில் இரண்டு மூட்டைகளைக் கொட்டியதாகச் சொல்வார்கள். ஒன்றில் நல்ல மண்: "எங்களிடம் இருந்தது இது." இன்னொன்றில் வெறும் கற்கள்: "நீங்கள் விட்டுவைத்தது இது." கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அட்டாயின் தலையை வெட்டிப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். அந்தத் தலை 2014இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பியது.

அதே 1878இல்தான் தெற்கு பிரான்ஸின் மோந்தோபான் நகரில் மோரிஸ் லேனார்ட் பிறந்தார். அப்பா ஒரு போதகர், கூடவே புவியியல் ஆய்வாளர். பாறையின் அடுக்குகளை நிதானமாகப் பார்த்துப் படிக்கும் பழக்கம் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. இறையியல் படிப்பின் முடிவில் அவர் எழுதிய ஆய்வு, தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் நடத்திய சபைகளிலிருந்து பிரிந்து தங்களுக்கென்று சபைகளை அமைத்துக்கொண்ட கறுப்பின மக்களைப் பற்றியது. மிஷனரியாகக் கப்பலேறும் முன்பே, மிஷனரிகளை வேண்டாம் என்றவர்களைப் பற்றி யோசித்திருக்கிறார்.

[திரையில்: பெரிய தீவின் கிழக்குக் கரை. வாய்லூ பள்ளத்தாக்கு.]

வாய்லூ பள்ளத்தாக்கில் அவர் அமைத்த இடத்தின் பெயர் டோ நேவா. 'உண்மையான நாடு' என்று பொருள். பள்ளிக்கூடம், தோட்டம், போதகர் பயிற்சி எல்லாம் அங்கேதான். அவருக்கு முன்பே அந்த மண்ணில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தைப் பரப்பியவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். அருகிலிருக்கும் லாயல்டி தீவுகளிலிருந்து வந்த 'நாத்தா' என்ற உள்ளூர்ப் போதகர்கள்தான் ஊர் ஊராக நடந்து அந்த வேலையைச் செய்தார்கள். மதுவுக்கு எதிராகவும் அவர்கள் கடுமையாகப் பேசினார்கள். குடியேறிகளின் சாராயக் கடைக்கு அது பிடிக்கவில்லை. கனாக் நிலம் பறிபோவதை லேனார்ட் எதிர்த்து எழுதியதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1917இல் தீவின் வடபகுதியில் மீண்டும் கிளர்ச்சி வெடித்தபோது, புராட்டஸ்டன்ட் மிஷன்தான் தூண்டிவிட்டது என்று பழி போட்டார்கள்.

இதையெல்லாம் விரைவாகக் கடந்துவிடுகிறேன். நான் சொல்ல வந்த விஷயம் ஒரு மேசையைச் சுற்றி நடந்தது.

[திரையில்: ஒரு மர மேசை, திறந்த நோட்டுப் புத்தகங்கள், மை.]

வாய்லூ பகுதியின் மொழி அஜியே. லேனார்ட் அந்த மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1922இல் அது அச்சாகி வெளிவந்தது. தானே எழுதி முடித்து மற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் முறையை அவர் கைக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சொல்லையும் மாணவர்களிடமும் போதகர்களிடமும் போட்டுப் பார்ப்பார். "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்பார். தங்கள் கதைகளையும் சடங்குகளையும் பாட்டுகளையும் தங்கள் மொழியிலேயே நோட்டுகளில் எழுதச் சொன்னார். அவர்களுள் முதன்மையானவர் போயெசூ எரிஜிசி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் அவருக்கும் லேனார்டுக்கும் சம பங்கு உண்டு.

ஓர் இடத்தில் வேலை அப்படியே நின்றுவிட்டது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், முதல் அதிகாரம், 30ஆம் வசனம். தமிழ் வேதாகமத்தில் அங்கே 'மீட்பு' என்று இருக்கும். இந்தச் சொல் நமக்குப் பழக்கமானது. அடகு வைத்த நகையை மீட்கிறோம், பறிபோன நிலத்தை மீட்கிறோம். எதையோ கொடுத்து எதையோ திரும்பப் பெறுகிறோம். அஜியே மொழியிலும் முன்பிருந்தவர்கள் 'பரிமாற்றம்' என்ற பொருள் வரும்படிதான் சொல்லியிருந்தார்கள்: நம் உயிருக்கு ஈடாக இயேசுவின் உயிர்.

கனாக் மக்களுக்கு இது புரியவே இல்லை. காரணம், பரிமாற்றத்தில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். பிறப்பு, திருமணம், சாவு எல்லாவற்றிலும் வள்ளிக்கிழங்கும் சிப்பிப் பணமும் முறைப்படி கைமாறும். எதற்கு எது ஈடு என்பதில் கணக்குத் தவறாது. ஒருவர் உயிர் எப்படி உலகத்தார் எல்லோருடைய உயிருக்கும் ஈடாகும்? கணக்கு உதைக்கிறதே! நாத்தாக்கள் விளக்கிப் பார்த்துச் சலித்து, 'விடுதலை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

ஒருநாள் இந்த வசனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது போயெசூ ஒரு சொல்லைச் சொன்னார். நாவி.

[திரையில்: வெறும் நிலம். நடுவில் ஒரு சிறு மரக்கன்று.]

நாவி என்பது ஒரு வழக்கம். போரில் ரத்தம் சிந்திய நிலம், அல்லது பெருந்துயரம் நேர்ந்த நிலம் தீட்டுப்பட்டுவிடும். யாரும் அதில் கால் வைப்பதில்லை, பயிர் வைப்பதில்லை. அந்த நிலத்தில் ஒரு சிறு மரத்தை நடுவார்கள். அந்த மரம் நிலத்தின் சாபத்தைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மக்கள் அங்கே திரும்பி வரலாம். இயேசு தன்னையே ஒரு மரமாக நட்டுக்கொண்டு மனிதர்களின் துயரங்களையெல்லாம் உறிஞ்சிக்கொண்டவர் என்று அந்த ஒரு சொல்லில் போயெசூ சொல்லிவிட்டார். லேனார்ட் ஆண்டுக்கணக்கில் தேடிய சொல் அது.

இங்கே யார் யாருக்குக் கற்பித்தார்கள் என்று கொஞ்சம் நின்று யோசிக்கத் தோன்றுகிறது. மாடும் சாராயமும் துப்பாக்கியும் நாசமாக்கிய நிலத்தில் வாழ்ந்தவர்களின் வாயிலிருந்து, கெட்டுப்போன நிலத்தை மறுபடி வாழத் தக்கதாக்கும் சொல் வந்தது. அகராதியைப் புரட்டினால் அது கிடைத்திருக்காது. நிலத்தின் தீட்டு என்ன, மரம் எதற்கு, ரத்தத்துக்கும் மண்ணுக்கும் என்ன உறவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்படிக் கேட்கத் தொடங்கிய இடத்தில்தான் மொழிபெயர்ப்பு மானிடவியலாக மாறியது.

கடவுளுக்கு எந்தச் சொல்லை வைப்பது என்பதும் எளிதாக இருக்கவில்லை. 'பாவோ' என்ற சொல் அங்கே பிணத்தையும் குறிக்கும், முன்னோரின் ஆவியையும் குறிக்கும். ஒரு மிஷனரி தொடவே அஞ்சும் சொல். ஆனால் கிறிஸ்தவர்களான கனாக் மக்கள் தாங்களாகவே கடவுளைப் பாவோ என்று அழைக்கத் தொடங்கினார்கள். லேனார்டும் அதை ஏற்றுக்கொண்டார்.

[திரையில்: ஒரு மரத்தின் குறுக்குவெட்டு, பக்கத்தில் ஒரு மனித உருவம்.]

அடுத்து உடம்பு. அஜியே மொழியில் மனிதனின் தோலுக்கும் மரத்தின் பட்டைக்கும் ஒரே சொல். சதைக்கும் பழத்தின் உள்ளீட்டுக்கும் ஒரே சொல். எலும்புக்கும் மரத்தின் வைரத்துக்கும் ஒரே சொல். தமிழ் பேசும் நமக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது. மாம்பழத்துக்கும் தோல் உண்டு, சதை உண்டு. உழைத்து உரமேறிய மனிதரை 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோம். ஆனால் நாம் அதை உவமையாகச் சொல்கிறோம். கனாக் மக்களிடம் அது உவமை இல்லை என்கிறார் லேனார்ட். மனிதனும் செடியும் ஒரே பொருளால் ஆனவர்கள்.

அப்படியானால் 'நான்' என்பது யார்? தெரியாத ஊருக்குப் போனால் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள் அல்லவா, அந்தக் கேள்வியை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனால் கனாக் சிந்தனைக்குப் பக்கத்தில் வருவோம். அஜியே மொழியில் தாத்தாவையும் பேரனையும், தாய்மாமனையும் மருமகனையும், கணவனையும் மனைவியையும் இரட்டையாகச் சேர்த்துச் சொல்ல ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சொல் உண்டு. இரண்டு பேர் சேர்ந்த பிறகு பிறந்த சொல் என்று அதை நினைக்க வேண்டாம். அந்த ஜோடிதான் முதலில், தனி ஆள் பிறகு. லேனார்ட் இதை ஒரு படமாக வரைந்து காட்டினார். நடுப்புள்ளியிலிருந்து நட்சத்திரம்போலக் கோடுகள் விரிகின்றன. ஒவ்வொரு கோடும் ஓர் உறவு: அப்பாவோடு, தாய்மாமனோடு, மனைவியோடு. நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை, வெற்றிடம். உறவுகள் எல்லாம் அறுந்தவனுக்குப் பெயர்கூட இருக்காது.

[திரையில்: நட்சத்திரக் கோடுகள் விரியும் அந்தப் படம். நடுவே வெற்றிடம்.]

ஆண்டுகள் கழித்து லேனார்ட் போயெசூவிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆன்மா என்ற எண்ணத்தை உங்கள் சிந்தனைக்குள் நாங்கள்தானே கொண்டுவந்தோம்? எந்த மிஷனரிக்கும் இயல்பாக எழும் பெருமிதம்தான். போயெசூ மறுத்துவிட்டார். ஆன்மா இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும், எப்போதும் அதன்படிதான் நடந்துவந்தோம் என்றார். "நீங்கள் கொண்டுவந்தது உடம்பை."

அந்த நட்சத்திரப் படத்தை மறுபடி பாருங்கள். நடுவிலிருந்த வெற்றிடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால், அதற்குள் ஒரு தனி ஆள் அடைபட்டுவிடுகிறார். தலைவரி கட்டவேண்டிய ஆள், பதிவேட்டில் பெயருள்ள ஆள், தனியாகப் பாவம் செய்து தனியாக மன்னிப்புப் பெறும் ஆள். போயெசூவின் பதிலை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

1926இல் லேனார்ட் பிரான்ஸுக்குத் திரும்பினார். லூசியன் லெவி-புரூல், மார்செல் மோஸ் போன்ற பெரிய அறிஞர்கள் அவரை அரவணைத்துக்கொண்டார்கள். மானிடவியல் நூல்கள் 1930 முதல் ஒவ்வொன்றாக வந்தன. 1947இல் வந்த 'டோ காமோ' அவற்றுள் புகழ்பெற்றது. 'உண்மையான மனிதன்' என்பது தலைப்பின் பொருள். நாஜி ஜெர்மனி பிரான்ஸைக் கைப்பற்றிய 1940இல், யூதரான மோஸ் பாரிஸ் உயர்கல்விப் பள்ளியின் பதவியை விட்டு விலகவேண்டி வந்தது. அந்த இடத்துக்கு லேனார்ட் வந்தார். அவருக்குப் பின் புகழ்பெற்ற மானிடவியலாளர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் வந்தார். அந்தத் துறையின் அதிகாரப்பூர்வப் பெயரே 'நாகரிகமற்ற மக்களின் மதங்கள்' என்பதுதான்! லெவி-ஸ்ட்ராஸ் 1954இல் அதை 'எழுத்தில்லா மக்களின் மதங்கள்' என்று மாற்றினார். லேனார்ட் இறந்ததும் அதே 1954இல்தான்.

அவரிடம் குறைகளும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. நேர்மையாக ஆளுங்கள் என்றுதான் கேட்டார். கனாக் சிந்தனையை, புராணக் கதைகளின் வழியே உலகைப் பார்க்கும் தொன்மச் சிந்தனை என்று தனியே பிரித்து வைத்ததையும் பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகள் நியாயமானவை.

[திரையில்: 1931, பாரிஸ். ஒரு பூங்காவின் வாயில்.]

கடைசியாக ஒரு காட்சி. 1931இல் பாரிஸில் குடியேற்ற நாடுகளின் பெரும் கண்காட்சி நடந்தது. அந்த ஆண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட கனாக் மக்களைக் கொண்டுவந்து ஊரோரப் பூங்கா ஒன்றில், மனித மாமிசம் தின்னும் காட்டுமிராண்டிகள் என்று காசுக்குக் காட்டினார்கள். அவர்களில் பலர் பிரெஞ்சு பேசத் தெரிந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். சிலரை ஜெர்மனிக்கும் அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1932இல், அதே பாரிஸில் லேனார்டின் ஒரு தடித்த நூல் வெளிவந்தது. டோ நேவாவின் நோட்டுகளில் இருந்த கதைகளும் பாட்டுகளும் சடங்கு உரைகளும் கனாக் மொழியிலேயே அதில் அச்சாகியிருந்தன. பிரெஞ்சு, மொழிபெயர்ப்பாகக் கூட வந்தது.