ஜெயிலுக்குப் போகத் தயார் என்ற ஷெரீஃப்

[திரையில்: கொலராடோ வரைபடம், வெல்ட் கவுன்டி மட்டும் நிறத்தில்]

2019. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். அங்கே கவுன்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி; அதன் காவல் தலைவர்தான் ஷெரீஃப். வெல்ட் கவுன்டி ஷெரீஃப் ஸ்டீவ் ரீம்ஸ் ஒரு சட்டத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார்: இதை அமல்படுத்துவதைவிட ஜெயிலுக்குப் போகத் தயார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கவுன்டி ஜெயிலை நடத்துபவரே அவர்தான்.

அப்படி என்ன சட்டம்? 'ரெட் ஃப்ளாக்' சட்டம் என்பார்கள். ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று குடும்பத்தாரோ போலீஸோ நீதிமன்றத்தில் மனு போடலாம். நீதிபதி ஏற்றால், முதலில் 14 நாள் வரை தற்காலிகத் தடை. விசாரணைக்குப் பிறகு 364 நாள். அதுவரை அவர் துப்பாக்கி வைத்திருக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அவர் குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. முதல் உத்தரவை அவரைக் கேட்காமலே போடலாம். எதிர்த்தவர்களை உறுத்தியது இதுதான். துப்பாக்கி வைத்திருப்பது அங்கே அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் தரும் உரிமை.

[திரையில்: டக்ளஸ் கவுன்டி]

சரி, எல்லா ஷெரீஃபும் எதிர்த்தார்களா? இல்லை. டக்ளஸ் கவுன்டி ஷெரீஃப் டோனி ஸ்பர்லாக், ரீம்ஸைப் போலவே குடியரசுக் கட்சிக்காரர். 2017 டிசம்பர் 31 அன்று அவருடைய துணை ஷெரீஃப் சக்கரி பாரிஷ், பணியில் இருந்தபோது மனநிலை குலைந்திருந்த ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இழப்புக்குப் பின் ஸ்பர்லாக் இந்தச் சட்டத்துக்காகப் பேசினார். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பைச் சம்பாதித்தார். சட்டத்துக்கு வைத்த பெயரே பாரிஷின் பெயர்தான்.

ஷெரீஃப்கள் ஏன் இப்படி எதிர்க்கிறார்கள்? ஷெரீஃப் என்பவர், மேலிடம் நியமித்து, மேலிடமே மாற்றல் போடும் அதிகாரி அல்ல. கொலராடோவின் கவுன்டிகளில் பெரும்பாலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிற கிராமப்புறத்தில் நின்று ஜெயிக்க வேண்டும். நகரப் போலீஸ் தலைவரை நியமிப்பது நகர நிர்வாகம். மாநிலத் தலைநகரான டென்வரின் போலீஸ் 2020 ஜனவரியில் சட்டம் அமலுக்கு வந்த கையோடு அதைப் பயன்படுத்தத் தொடங்கியதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

[திரையில்: உச்ச நீதிமன்றக் கட்டடம், 1997]

அப்புறம் ஒரு பழைய வழக்கு. கைத்துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர்த் தலைமைக் காவலதிகாரியே சரிபார்க்க வேண்டும் என்றது மத்திய அரசு போட்ட 1993இன் பிரேடி சட்டம். மொன்டானாவின் ஜே பிரின்ட்ஸ், அரிசோனாவின் ரிச்சர்ட் மேக் என்ற இரு ஷெரீஃப்கள் வழக்குப் போட்டார்கள். 5க்கு 4 என்ற கணக்கில் ஜெயித்தார்கள்: மத்திய அரசு உள்ளூர் அதிகாரியை வேலை வாங்க முடியாது. மேக் பின்னாளில் ஷெரீஃப்களுக்கென்றே ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

ஆனால் அந்தத் தீர்ப்பு மத்திய அரசைப் பற்றியது. கொலராடோ சட்டம் மாநிலம் போட்டது, கவுன்டியும் மாநிலத்தின் கீழ்தான் வருகிறது. ஆகவே அதே வாதம் இங்கே செல்லாது. ஷெரீஃப் கையில் உண்மையாக இருப்பது வேறு: தானாகப் போய் மனு போடாமல் இருக்கலாம். நீதிமன்ற உத்தரவு வந்த பின் மறுப்பதும் இதுவும் ஒன்றல்ல. பேட்டிகளில் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

[திரையில்: கொலராடோ ஸ்பிரிங்ஸ், 2022 நவம்பர் 19]

கிளப் கியூ என்ற இரவு விடுதியில் 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் 2021 ஜூனில் வீட்டாரை வெடிகுண்டு காட்டி மிரட்டியதாகக் கைதானவர், வழக்கு தள்ளுபடியானது. ரெட் ஃப்ளாக் மனுவை யாருமே போடவில்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸ் இருக்கும் எல் பாசோ கவுன்டி 2019இலேயே இந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்ட இடம். மனு போட்டிருந்தால் தடுத்திருக்கலாமா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. அப்போதே உத்தரவு வாங்கியிருந்தாலும், நீட்டிக்காவிட்டால் 2022 கோடையிலேயே காலாவதியாகியிருக்கும்.

2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மருத்துவர்கள், ஆசிரியர்கள், மாவட்ட அரசு வழக்கறிஞர்களும் மனு போடலாம். ஷெரீஃப் மனு போடுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உத்தரவை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டப்போவது மட்டும், இன்னமும் அந்த ஊர்ப் போலீஸோ ஷெரீஃபின் ஆட்களோதான்.